மச்சானிடம் கேட்டோம்

எங்கள் ஊரில் ஆட்டை வெட்டுவதற்கு முன்னால் அதனிடம் கேட்போம். சாமி முன்னால் கெடாயை நிறுத்தி, மாலை போட்டு, முதுகில் மஞ்சள் தண்ணீரை ஊற்றிவிட்டுக் காத்திருப்போம். தலை முதல் வால் வரைக்கும் ஒரு தடவை அது உடம்பை உதறினால் சம்மதம் என்று அர்த்தம். அந்த உதறலைத் துளுக்குவது என்போம். கெடா துளுக்கிய பிறகுதான் அரிவாள் ஓங்கும். துளுக்காத ஆட்டை வெட்டினால் சாமி ஏற்றுக்கொள்ளாது என்பது எங்கள் ஊர்ப் பேச்சு.

கொல்லிமலைக்கு வேலைக்கு வரும் கீழ்நாட்டு ஆட்களிடம் இதை நான் பெருமையாகவே சொல்லிக்கொண்டிருந்தேன். நான் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். வாத்தியாரோ பேங்க் ஆளோ வந்து உட்கார்ந்து, "என்னங்க, உங்க மலையில இன்னும் ஆடு கோழின்னு வெட்டிக்கிட்டு" என்று ஆரம்பித்தால் எனக்குச் சுருக்கென்று வரும். "உங்க ஊரு கறிக்கடையில ஆட்டைக் கேட்டுட்டா வெட்டறாங்க? நாங்க கேக்கறோமுங்க" என்பேன். அவர்களுக்கு அதற்குமேல் பேச வாய் வராது. எனக்கு அன்றைக்குச் சாப்பாடு நன்றாக இறங்கும்.

அந்தப் பெருமைக்கு வேட்டு வைத்தது எங்கள் வீட்டுக் கெடா.

என் வீட்டுக்காரர் மரத்திலிருந்து விழுந்தது ஒரு மாசி மாதம், மிளகு பறிக்கும் நேரம். எங்கள் காட்டில் சில்வர் ஓக் மரங்களில்தான் மிளகுக் கொடி ஏற்றியிருக்கிறோம். ஒத்தை மூங்கிலில் கணுக்களை மட்டும் மிதிக்க விட்டுச் செதுக்கிய ஏணியைச் சாய்த்துவிட்டு, இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு ஏறுவார்கள். அவர் சின்ன வயதிலிருந்து ஏறுகிற ஆள். அதனால்தான் விழுந்தார். புதிதாக ஏறுகிறவன் பயந்து கெட்டியாகப் பிடிப்பான். பழகியவன் மேலே நின்றுகொண்டே கீழே இருக்கும் பெண்டாட்டியோடு சண்டை போடுவான். அன்றைக்கு எதற்குச் சண்டை என்று இருவருக்கும் மறந்துவிட்டது. எனக்குப் பதில் சொல்ல அவர் திரும்பினார், கால் கணுவிலிருந்து வழுக்கிவிட்டது.

தொடை எலும்பு நொறுங்கிவிட்டது. ஆம்புலன்ஸ் மலை இறங்கும்போது ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அவர் அலறினார். பாதி மலை இறங்கியதும் அலறல் நின்றுவிட்டது. அலறியபோது வராத பயம் அப்போதுதான் எனக்கு வந்தது. ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். "சாமி, இந்த ஆளை உசுரோட திருப்பிக் குடுத்துரு. பழையபடி நடக்க வெச்சுரு. ஒரு கெடா வெட்டறேன்" என்று வேண்டிக்கொண்டேன். எந்தக் கெடா, யாருடைய கெடா என்றெல்லாம் அப்போது தோன்றவில்லை. அது அப்போது பிறந்திருக்கவே இல்லை. பிறக்காத ஒன்றின் தலையை என் வாயால் எழுதிக் கொடுத்துவிட்டேன் என்பது வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது.

ஆள் பிழைத்துக்கொண்டார். காலில் கம்பி வைத்து அனுப்பினார்கள். மலையடிவாரத்து முள்ளுக்குறிச்சியில் இருக்கும் என் அண்ணன் வேண்டுதலைக் கேள்விப்பட்டு, தன் பட்டியில் பிறந்த ஒரு கடாக்குட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். சாமிக்கு விடும் குட்டி ஒரே நிறமாக இருக்க வேண்டும். இது மூக்கிலிருந்து குளம்பு வரைக்கும் கருப்பு. "ஒரு மச்சம் கூட இல்லை, தேடிப் பாத்துட்டேன் கண்ணு" என்றார் அண்ணன். குட்டி அவர் வேட்டியை நனைத்திருந்தது.

நான் அன்றைக்கே சட்டம் போட்டுவிட்டேன். இதற்குப் பேர் வைக்கக் கூடாது. மடியில் தூக்கக் கூடாது. தட்டிலிருந்து சோறு போடக் கூடாது. வெட்டப் போகிற உயிரோடு எந்த அளவுக்கு இருக்க வேண்டுமோ அந்த அளவுக்குத்தான் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் ஆடு வளர்த்துப் பழக்கம் உண்டு. எது பால், எது கறி, எது பாசம் என்று பிரித்து வைத்துக்கொள்ளத் தெரியாவிட்டால் ஆடு வளர்க்க முடியாது.

வாசலில் கயிற்றுக்கட்டிலில் படுத்திருந்தவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். மறுநாள் காலையில் குட்டியைப் பார்த்து, "என்ன மச்சான், தூங்குனியா?" என்கிறார்.

"பேர் வெக்கக் கூடாதுன்னு சொன்னேனுங்களே" என்றேன்.

"இது பேரா? முறை. உன்ற அண்ணன் ஊட்ல இருந்து வந்தவன். எனக்கு மச்சான்தானே ஆகோணும்?"

இந்த ஆளிடம் பேசி ஜெயிக்க முடியாது என்றுதான் மிளகு மரத்தடியிலேயே எனக்குத் தெரியுமே. விட்டுவிட்டேன். ஆனால் எங்கள் பக்கத்தில் முறை வைத்துக் கூப்பிடுவது சும்மா இல்லை. ஒருவரை மாமன் என்று கூப்பிட்டால் மாமனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தாக வேண்டும். பேர் வைத்தால் மறந்து தொலைக்கலாம். முறை வைத்துவிட்டால் நாளைக்கு அது வாசலில் வந்து நிற்கும்.

அந்த ஆறேழு மாதம் அவர் கட்டிலை விட்டு எழவில்லை. எலும்பு கூடிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்ன பிறகும் எழவில்லை. தெற்கே இருந்து எங்கள் மலை ஆஸ்பத்திரிக்கு வேலைக்கு வந்திருந்த நர்சம்மா வாரம் ஒரு தடவை வீட்டுக்கு வந்து பார்ப்பார். கழுத்தில் சிலுவைச் செயின், வாயில் ஓயாத பேச்சு. "என்ன அண்ணாச்சி, இன்னும் எந்திரிக்கலையா? கால் நல்லா இருக்கு. மனசுதான் படுத்துக் கிடக்கு" என்பார். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார். விழுந்த பயம் எலும்பை விட ஆழமாகப் போயிருந்தது. நான் கெஞ்சினேன், திட்டினேன், ஒரு நாள் சோறு போடாமலும் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. பகலெல்லாம் நான் பள்ளிக்கூடத்தில் இருப்பேன். அவருக்குப் பேச்சுத்துணை மச்சான் மட்டும்தான். கட்டில் காலில் கட்டியிருக்கும், பலா இலையைத் தின்றுகொண்டே அவர் சொல்வதையெல்லாம் கேட்கும்.

ஒரு நாள் மதியம் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பும்போது தூரத்திலிருந்தே பார்த்தேன். கட்டில் காலியாக இருந்தது. வீட்டுக்குப் பின்னால் குச்சிக்கிழங்குக் காட்டில் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், இடுப்பு வேட்டி பாதி அவிழ, அவர் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் மச்சானின் காது. இன்னொரு கை அதன் வாய்க்குள் இருந்தது. கயிற்றை அறுத்துக்கொண்டு போய்க் கிழங்குத் தழையை மேய்ந்திருக்கிறது. குச்சிக்கிழங்கு என்று நாங்கள் சொல்லும் மரவள்ளியின் இளந்தழையைத் தின்றால் ஆடு வயிறு உப்பிச் செத்துப்போகும். அது எங்கள் மலையில் எல்லோருக்கும் தெரியும், ஆட்டைத் தவிர.

"துப்புடா! துப்புடா மச்சான்!" என்று வாயிலிருந்து தழையைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க" என்றேன். "நீங்க நிக்கறீங்க."

அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். யாரோ வேறொருவர் காலைப் பார்ப்பது போலப் பார்த்தார். உடனே பயம் வந்துவிட்டது, அப்படியே கிழங்குச் செடிகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். ஆடு எங்கள் இருவருக்கும் நடுவில் நின்று என் முந்தானையைச் சப்பியது. அன்றைக்கு ராத்திரி புளித்த மோரும் எண்ணெயும் ஊற்றி அதையும் பிழைக்க வைத்தோம்.

அதற்குப் பிறகு நடை வந்துவிட்டது. கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு முதலில் வாசல்வரைக்கும், பிறகு ஓடைவரைக்கும், பிறகு மலைச்சந்தை கூடும் சோளக்காடு என்கிற ஊரின் ரோடுவரைக்கும் நடந்தார். மச்சான் முன்னால் இழுக்கும், இவர் பின்னால் போவார். ஆட்டை மேய்க்கிறாரா, ஆடு இவரை மேய்க்கிறதா என்று சந்தையில் கேலி பேசினார்கள். பேசட்டுமே. நடக்க வை என்று சாமியிடம் கேட்டேன், நடக்க வைத்தது ஆடு. சாமிதான் ஆட்டை அனுப்பியது என்றும் சொல்லிக்கொள்ளலாம், நானும் பல ராத்திரி அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். அனுப்பியதைத் திருப்பிக் கேட்பதுதானே நியாயம் என்று கணக்கையும் நேர் செய்து பார்த்தேன். நேராகவில்லை.

நர்சம்மாதான் இந்தச் சங்கடத்தில் ஒரு முள்ளை வைத்தார். கால் தேறிய பிறகும் எங்கள் வீட்டுக் காப்பிக்காக வந்துபோய்க்கொண்டிருந்தார். ஒரு நாள் அவரிடமும் என் பழைய பெருமையை அவிழ்த்துவிட்டேன். நாங்கள் கேட்டுத்தான் வெட்டுவோம் என்றேன். அவர் மற்றவர்களைப் போல வாயை மூடிக்கொள்ளவில்லை.

"வேண்டாம்னு சொன்னா என்ன செய்வீங்க?" என்றார்.

"இதுவரைக்கும் எந்த ஆடும் அப்படிச் சொன்னதில்லீங்க."

"சொன்னதில்லையா, சொல்ல விட்டதில்லையா?" என்று சிரித்துவிட்டுக் காப்பியைக் குடித்தார். வேண்டுமென்று குத்தவில்லை. அவருக்கு எல்லாமே பேச்சுத்தான். எனக்குத்தான் அன்றைக்குக் காப்பி கசந்தது.

ஏனென்றால் எனக்குத் தெரியும். தண்ணீர் ஊற்றியும் கெடா சும்மா நின்றால் இன்னொரு சொம்பு ஊற்றுவோம். அப்போதும் நின்றால் முதுகுத்தண்டில் குளிரக் குளிர ஊற்றுவோம். அதற்கும் மசியாவிட்டால் காதுக்குள் ஊற்றுவோம். காதுக்குள் தண்ணீர் போனால் உலகத்தில் எந்த ஆடாக இருந்தாலும் உதறித்தான் தீரும். உடனே மேளம் அடித்துவிடுவோம். கேள்வி என்றால் இரண்டு பதிலுக்கும் இடம் இருக்க வேண்டும். நாங்கள் ஒரு பதிலுக்குத்தான் இடம் வைத்திருந்தோம்.

எங்கள் ஊர்ச் சாமிக்குக் கெடா வெட்டும் நோம்பித் திருவிழா வருஷா வருஷம் கிடையாது. ஊர் கூடி நாள் வைத்தால்தான் உண்டு. அதனால் மச்சானுக்கு இரண்டு வருஷத்துக்குமேல் ஆயுள் கிடைத்தது. கொம்பு சுருண்டு, தாடி வளர்ந்து, சோளக்காட்டில் பழக்கடைக்காரர்களை மிரட்டி வாழைப்பழம் வாங்கித் தின்கிற அளவுக்குப் பெரிய மனுஷனாகிவிட்டது. பிறகு ஒரு தை மாதம், வருகிற வைகாசியில் நோம்பி என்று நாள் வைத்துவிட்டார்கள்.

அந்த வாரத்திலிருந்து என் வீட்டுக்காரர் காலையில் எழுந்ததும் மச்சானை ஓடைக்கு ஓட்டிக்கொண்டு போய்க் குளிப்பாட்ட ஆரம்பித்தார். ஒரு சொம்பு தண்ணீரைக் கழுத்திலிருந்து வால் வரைக்கும் மெதுவாக ஊற்றுவார். தோளில் கிடக்கும் துண்டை எடுத்துத் துடைப்பார். முதல் சில நாள் அது துடைக்க விடாமல் உதறி, இவரையும் நனைத்துவிட்டு ஓடியது. இவர் காதைப் பிடித்து நிறுத்தித் துடைத்துப் பழக்கினார். அதற்குத் துண்டு பிடித்துப் போய்விட்டது. கொஞ்ச நாளில் தண்ணீர் பட்டாலும் அசையாமல் நின்று, துண்டு எப்போது வரும் என்று அவர் தோளையே பார்த்துக்கொண்டிருக்கும்.

"நீங்க பொங்கலுக்குப் பொங்கல் குளிக்கிற ஆளு. ஆட்டுக்கு மட்டும் தெனம் குளியலா? குளிருல சளி புடிச்சுக்கப் போகுது" என்றேன்.

"சாமிக்குப் போறவன் சுத்தமா இருக்கட்டும்" என்றார். அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

ஒரு சாயங்காலம் அடுப்படியில் வந்து நின்றார். நிற்கிற விதத்திலேயே என்ன கேட்கப் போகிறார் என்று தெரிந்துவிட்டது.

"வெட்டித்தான் ஆகோணுமா அம்முணி?"

"சொன்ன சொல்லு இருக்குதுங்களே."

"நீ சொன்னே. அவன் சொன்னானா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டேன். "அன்னைக்கு வண்டியில நீங்க சத்தமில்லாம கெடந்தீங்க. நான் பாத்தேன். நீங்க பாக்கலை. சாமி குடுத்ததை சாமி எடுத்துக்கிட்டா நான் என்ன பண்ணுவேன்? எனக்கு உங்க உசுருதான் பெருசு. ஆட்டு உசுரு ஆட்டுக்குப் பெருசா இருக்கட்டும்" என்றேன். சொல்லிவிட்டு அழுதேன். அது கோபம் இல்லை, பயம். இன்றைக்கும் ஒரு வேண்டுதல் பாக்கி நிற்கிறது என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் வராது. படித்தவர்கள் சிரிக்கலாம். அவர்கள் அந்த வண்டியில் இல்லை.

அவர் கரண்டியை எடுத்துக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. காலைக் குளியல் மட்டும் நிற்கவில்லை.

நோம்பி அன்று அண்ணன் குடும்பம், சொந்தபந்தம் எல்லாம் முள்ளுக்குறிச்சியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிட்டார்கள். கறிக்கு மசாலா அரைத்து உருட்டி வைத்திருந்தேன். வாசலில் பலாக்காய் குவிந்து கிடந்தது, வைகாசி மாதமாயிற்றே. கோயிலுக்குப் புறப்படும்போது என் வீட்டுக்காரர், "வா மச்சான்" என்றார். அண்ணன் திரும்பி, "என்னையவா கூப்புட்டீங்க மாப்ளே?" என்றார்.

"இல்லீங்க. சின்ன மச்சானை."

அண்ணனுக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. வெட்டப் போகிற ஆட்டோடு தன்னையும் சேர்த்து முறை சொன்னால் யாருக்குத்தான் பிடிக்கும்?

சாமி முன்னால் மச்சானை நிறுத்தி மாலை போட்டார்கள். மாலையில் பாதியைத் தின்றுவிட்டது. பூசாரி, எங்கள் ஊர்க்காரர்தான், வயதானவர், மஞ்சள் தண்ணீரை முதுகில் ஊற்றினார். எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தோம். மேளக்காரர் குச்சியைத் தூக்கிப் பிடித்திருந்தார்.

அது துளுக்கவில்லை.

இன்னொரு சொம்பு ஊற்றினார். வயிற்று மயிரிலிருந்து தண்ணீர் சொட்டியது. அது அசையாமல் நின்று கழுத்தை மட்டும் திருப்பி எதையோ பார்த்தது. எதைப் பார்க்கிறது என்று நானும் திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரரின் தோளில் கிடந்த துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தது.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஓடை, சொம்பு, என்னைப் பார்க்காமல் சொன்ன பதில், எல்லாம். கூட்டத்தில் வேறு யாருக்கும் தெரியாது. எனக்கும் அவருக்கும் மட்டும் தெரியும். ஆட்டுக்கும் தெரியும் என்று வைத்துக்கொள்ளலாம்.

"துளுக்கு சாமி, துளுக்கு" என்று சொந்தக்காரர்கள் கெஞ்சினார்கள். வெயில் ஏறியது. பூசாரி சொம்பை என் பக்கம் நீட்டினார். எங்கள் வழக்கத்தில் கடைசியாகக் கேட்க வேண்டியது வேண்டிக்கொண்ட ஆள்தான். "நேந்துக்கிட்ட வாயி உன்னுது. நீயே ஊத்திக் கேளு கண்ணு" என்றார்.

சொம்பு கனத்தது. அண்ணன் பின்னால் வந்து மெதுவாக, "காதுக்குள்ள ஊத்து. சட்டுனு முடியும்" என்றார்.

அவர் சொன்னது சரி. ஒரு கை தண்ணீர் போதும். மேளம் அடித்துவிடும், வேண்டுதல் தீர்ந்துவிடும், நான் நிம்மதியாகத் தூங்கலாம். என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். ஊன்றுகோல் இல்லாமல் நின்றுகொண்டிருந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை, சாடையும் காட்டவில்லை, மச்சானை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். கம்பி வைத்த கால் லேசாக நடுங்கியது. அந்தக் காலுக்காகத்தான் நான் வேண்டிக்கொண்டேன். அந்தக் காலை நிற்க வைத்தது என் முன்னால் ஈரமாக நிற்கிறது. இதனிடம் நான் ஒன்று கேட்க வேண்டும். கேட்டுவிட்டு, அது சொல்வதைக் கேட்கவும் வேண்டும். நர்சம்மாவின் சிரிப்பு எங்கிருந்தோ வந்து போனது.

கழுத்திலிருந்து வால் வரைக்கும் மெதுவாக ஊற்றினேன். அவர் ஊற்றுகிற மாதிரியே ஊற்றினேன்.

அது அசையாமல் நின்றது.

"வேண்டாங்குதுங்க" என்றேன்.

"ஏன் காதுல ஊத்தலை?" என்று அண்ணன் கத்தினார்.

"காதுல ஊத்துனா அது கேக்கறதில்லீங்கண்ணா. கிள்ளறது."

கூட்டம் சலசலத்தது. பூசாரி என்னிடமிருந்து சொம்பை வாங்கிக் கீழே வைத்தார். பிறகு, "துளுக்கலைன்னா சாமிக்கு வேண்டாம். இனிமே இது சாமிக்கே விட்ட ஆடு, யாரும் கை வெக்கக் கூடாது. சரி. ஆனா வாக்கு நிக்குதே கண்ணு, அதுக்கு என்ன சொல்றே?" என்றார்.

அந்தக் கேள்விக்குப் பதில் என்னிடம் தயாராக இருந்தது எனக்கே ஆச்சரியம். "வாக்கு என்ற வாயில இருந்து வந்ததுங்க. என்ற தலையில இருந்தே எடுத்துக்கச் சொல்லுங்க" என்று கொண்டையை அவிழ்த்துவிட்டேன்.

என் முடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐம்பதைத் தாண்டியும் அது இடுப்புக்குக் கீழே தொங்கும். அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு, ஊருக்கே தெரியும். குழந்தைகளுக்கு மொட்டையடிக்க வந்திருந்த நாவிதர் கத்தியை வைத்துக்கொண்டு தயங்கினார். "அம்முணி, வேண்டாம்" என்று என் வீட்டுக்காரர் ஓடி வந்தார். உண்மையிலேயே ஓடி வந்தார், அந்தக் காலோடு. "நீங்க தள்ளி நில்லுங்க, இது எனக்கும் சாமிக்கும் உள்ளது" என்று தலையைக் குனிந்தேன். இவ்வளவு வருஷம் சீவிச் சிங்காரித்தது மடியில் வந்து விழ விழ, கண்ணில் தண்ணீர் வந்தது. ஆனாலும் என் வேண்டுதலுக்கு என் தலை குனிந்திருப்பது சரியாகத்தான் இருந்தது.

மழித்து முடிந்ததும் பூசாரி ஒரு குடம் ஓடைத் தண்ணீரை எடுத்துச் சொல்லாமல் கொள்ளாமல் என் மொட்டைத் தலையில் கவிழ்த்தார். மலைத் தண்ணீர் வைகாசியிலும் பல்லைக் கிட்டிக்க வைக்கும். உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரைக்கும் நான் உடம்பை உதறினேன்.

பூசாரி கையைத் தட்டினார். "துளுக்கிருச்சுங்கோ! உத்தரவு கெடைச்சிருச்சு!"

மேளக்காரர் அடித்தார் பாருங்கள், அப்படி ஒரு அடி. பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அண்ணன்கூடச் சிரித்துவிட்டார். என் வீட்டுக்காரர் தோளிலிருந்த துண்டை எடுத்து என் தலையைத் துடைத்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் எனக்குத் தலை துவட்டியது அன்றைக்குத்தான். மச்சானுக்குப் பொறுக்கவில்லை. நடுவில் புகுந்து, துண்டு தன்னுடையது என்று எங்கள் இருவரையும் முட்டியது.

அரைத்து வைத்த கறி மசாலாவில் பலாக்காயைப் போட்டுக் குழம்பு வைத்தேன். கறிக்காக மலை ஏறி வந்த சொந்தங்கள் ஆளுக்கு இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, கறி மாதிரியே இருக்கிறது, ஆனாலும் கறி இல்லை என்று பெருமூச்சு விட்டார்கள்.

இதைப் படித்துவிட்டு நான் கறி தின்பதை விட்டுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வந்தால் நாக்கு கேட்கத்தான் செய்கிறது. உலகத்து ஆடுகளுக்கெல்லாம் நான் நியாயம் செய்துவிடவில்லை. எங்கள் வீட்டு வாசலில் நின்ற ஒன்றிடம் ஒரு தடவை உண்மையாகக் கேட்டேன், அவ்வளவுதான். ஆனால் அந்த நோம்பிக்குப் பிறகு எங்கள் ஊரில் ஒன்று மாறியிருக்கிறது. கெடா துளுக்காமல் நின்றால் காதில் ஊற்றப் போகிறவனை யாராவது ஒருவர், "டேய், கிள்ளாதே, கேளு" என்று தடுக்கிறார். அடுத்த நோம்பியில் இன்னொரு கெடாயும் வீடு திரும்பியது. என் முடி வளர்ந்துவிட்டது, வெள்ளையாக, தோள்வரைக்கும். மிளகு மரத்தில் இப்போது கூலியாள் ஏறுகிறார். நாங்கள் இருவரும் கீழே நின்று சண்டை போடுகிறோம். மச்சான் ஊர்க்காட்டையெல்லாம் மேய்ந்துவிட்டு ராத்திரி எங்கள் வாசலில்தான் வந்து படுக்கிறது. சாமிக்கு விட்ட ஆடு, விரட்ட முடியுமா?

நோம்பி அன்றைக்குச் சாயங்காலம் ரோட்டில் நடந்ததை மட்டும் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அண்ணன் குடும்பத்தைப் பஸ் ஏற்றிவிடச் சோளக்காட்டுக்கு நடந்துகொண்டிருந்தோம். அவர்கள் முன்னால் போனார்கள். நானும் என் வீட்டுக்காரரும் பின்னால். மச்சான் கயிறில்லாமல் எங்களோடு வந்தது. என் மொட்டைத் தலையில் அவருடைய துண்டைக் கட்டியிருந்தேன்.

"தெரிஞ்சுதான் செஞ்சீங்களா?" என்று கேட்டேன்.

அவர் மச்சானின் முதுகைத் தடவினார். "மொதல்ல தெரியாமத்தான் குளிப்பாட்டுனேன். போகப் போறவன்தானேன்னு. அப்பறம் ஒரு நாள் துளுக்காம நின்னான். அதுக்கப்பறம் தெரிஞ்சுதான்."

"சாமிக்கு?"

"சாமிக்குத் தெரியாததா?" என்றார். பிறகு, "பயமா இருக்குதா?" என்று கேட்டார்.

"இருக்குதுங்க" என்றேன். பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பயத்தோடு நான் ஒருத்தி மட்டும் நடக்கவில்லை.

அப்போது மழை வந்துவிட்டது. மலை மழை சொல்லிவிட்டு வராது. மச்சான் நடுரோட்டில் நின்றது. முதுகில் தண்ணீர் வழிய, வழக்கம்போல அவர் தோளைப் பார்த்தது. அங்கே துண்டு இல்லை. என் தலையைப் பார்த்தது. கொஞ்ச நேரம் காத்திருந்தது. பிறகு மூக்கிலிருந்து வால் நுனி வரைக்கும் உடம்பு முழுவதும் சிலிர்த்து, எங்கள் இருவர் மேலும் தெறிக்க, நன்றாக ஒரு துளுக்குத் துளுக்கியது.

நாங்கள் இருவரும் நின்றுவிட்டோம். அவர் முகத்தில் ரத்தம் இல்லை. முன்னால் போன அண்ணன் இன்னும் திரும்பவில்லை.

"மழையில எல்லா ஆடுந்தானுங்க உதறும்" என்றேன். "யாரும் இப்ப அவனை ஒண்ணும் கேக்கலை. நடங்க."